முகத்தில் தண்ணீர் படக்கூடாது

கிடாய் வளர்க்கிற லேடி டாக்டரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அவருக்குக் கீழே நாலு வருஷத்துக்குமேல் நர்ஸ் வேலையும் பார்த்தேன். அத்தனை நாளில் அவரை மனசுக்குள் திட்டாமல் நான் படுக்கப்போன நாள் ஒன்றுகூடக் கிடையாது. இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அது எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இரணியலுக்குப் போகிற ரோட்டில் அப்போது பெண்களுக்கென்று ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அதன் பெயர் வேண்டாம். இப்போது அந்தக் கட்டடமும் இல்லை. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்த வருஷம் அவர் அங்கே வந்தார். முப்பத்தைந்து வயசிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாஞ்சில் நாட்டு வயல்காட்டு ஊர் ஒன்றில் வசதியான சைவக் குடும்பம், வீட்டுக்குள் முட்டைகூட ஏறாது. மெட்ராஸில் படித்தவர். ஆள் குட்டை, குரல் பெரிது. பிரசவ அறையில் நின்று பேசினால் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவர் வந்த மூன்றாம் நாள் ஒரு பிள்ளை செத்தது. எட்டு மாசத்தில் பிறந்தது. எங்கள் பக்கத்தில் ஏழு மாசப் பிள்ளை தப்பும், எட்டு மாசப் பிள்ளை தங்காது என்று எல்லாரும் நம்பினார்கள். டிரெய்னிங் முடித்த நர்ஸுகளான நாங்களும் நம்பினோம். அதனால் பிள்ளையைத் துணியில் சுற்றி வீட்டாரிடம் கொடுத்துவிட்டுக் கைகழுவப் போய்விட்டோம். அவர் எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார்.

"இதைக் கொன்னது யாரு?"

எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. மூத்த நர்ஸ், எட்டு மாசப் பிள்ளை அல்லவா, கடவுளுக்குச் சித்தமில்லை என்று இழுத்தாள். கடவுள் டூட்டியில் இருந்தாரா என்று கேட்டார் டாக்டரம்மா. பிறகு ஒவ்வொருவராக விசாரித்தார். தலைகீழாகப் பிடித்து அடித்தது யார், சுடுதண்ணீரிலும் பச்சைத்தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கியது யார், நாக்கில் பிராந்தி தொட்டுவைத்தது யார், ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தது யார். மூச்சுவிடாத பிள்ளைக்குச் செய்ய வேண்டியது இவைதான் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். செய்ததை ஒப்புக்கொண்டோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். வேற என்ன செய்யணும்னு எனக்கும் தெரியாது. அதனால நானும்தான்."

இதுதான் அந்த மனுஷி. பிள்ளை செத்தால் கொன்ற ஆள் ஒருவர் வேண்டும். விதி, கிரகம், தெய்வசித்தம், தாயின் பலவீனம் எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். பிறந்ததிலிருந்து நிமிஷம் நிமிஷமாகக் கேட்டு, இந்த இடத்தில் இந்தக் கையால் செத்தது என்று ஒரு முடிவுக்கு வந்தால்தான் சாப்பிடப் போவார். பாதி நேரம் அந்தக் கை அவருடையதாகவே இருக்கும். அதைச் சொல்லும்போதும் அதே சத்தம்தான். எங்களுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. ஊரில் நர்ஸம்மா என்று கும்பிட்டுப் பேசுவார்கள், உள்ளே வந்தால் கொலைகாரியாக வரிசையில் நிற்க வேண்டும்.

அடுத்த மாசமே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் மண்சுவர் வைத்து ஒரு கொட்டகை போட்டார். ஆறு பெட்டையாடு, ஒரு கிடாய். பாலுக்காக வளர்க்கிறார் என்று நினைத்தோம். வெளிநாட்டில் எங்கேயோ, மாசம் நிறையாமல் பிறக்கிற பிள்ளைகளின் மூச்சைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆட்டுக்குட்டிகளை வைத்துப் பார்க்கிறார்கள் என்று டாக்டர்கள் படிக்கிற ஏதோ ஒரு பத்திரிகையில் வாசித்திருக்கிறார். பிள்ளைகளைக் கொன்று படிப்பதற்குப் பதிலாகக் குட்டிகளைக் கொன்று படிக்கலாம் என்று எங்களிடம் சொன்னார். கொல்வது என்ற வார்த்தையை அவர் எப்போதும் மழுப்பியதில்லை.

ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாசம். பெட்டையைக் கிடாயோடு விட்ட நாளைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதிவைப்பார். அதிலிருந்து எண்ணி, ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது பெட்டையின் வயிறு மரத்துப்போக ஊசி போட்டு, அதைக் கீறிக் குட்டியை எடுப்பார். பெட்டையைத் தைத்து, புண் ஆறும்வரை தன் கையால் கஞ்சி கொடுப்பார். கல்யாணமாகாத பெண்பிள்ளை, கிடாய் எந்த நாளில் எந்தப் பெட்டையோடு சேர்ந்தது என்று சுவரில் எழுதிவைக்கிறாள் என்பது இரணியல் முழுக்கப் பரவியது. ஆம்பிளைகள் அதைப் பேசிச் சிரித்த சிரிப்பை நான் பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அவருடைய அண்ணன் ஒருமுறை ஊரிலிருந்து வந்தார். கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு, கொடுத்த மோரைக்கூடத் தொடாமல் போனவர்தான், பிறகு வரவே இல்லை.

எனக்குக் கை நடுங்காது என்று கண்டுபிடித்து என்னைக் கொட்டகை வேலைக்கு இழுத்தார். நான் நர்ஸ் வேலைக்கு வந்தேனா, ஆட்டுக்குப் பேறு பார்க்க வந்தேனா என்று எனக்கு எரிச்சல். கிடாய் நாற்றம் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் பக்கத்தில் இருக்கிறவள் தள்ளி உட்காருவாள்.

அவர் செய்த கருவியைச் சொன்னால் சிரிப்பீர்கள். இரத்த அழுத்தம் பார்க்கிற கருவியில் இருக்குமே, அமுக்குகிற ரப்பர் உருண்டை, அதுபோல ஒன்று. அதை அமுக்கினால் காற்று ஒரு குழாய் வழியாகக் குட்டியின் மூக்குக்குப் போகும். குழாயில் ஒரு கிளை உண்டு. அந்தக் கிளையின் நுனி ஒரு கண்ணாடிப் பாட்டில் தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும். அளவுக்குமேல் அமுக்கிவிட்டால் மிச்சக் காற்று குட்டிக்குள் போகாமல் தண்ணீரில் குமிழியிட்டு வெளியே போய்விடும். பாட்டில் வைக்காமல் அமுக்கிப் பார்த்த முதல் குட்டி எங்கள் கண் முன்னால் நெஞ்சு உப்பிச் செத்தது. அறுத்துப் பார்த்தபோது நுரையீரல் கிழிந்திருந்தது. "கொன்னது நான்" என்று கொட்டகைச் சுவரில் எழுதினார். பிறகு நுனி எத்தனை விரல் ஆழத்தில் முங்கினால் நெஞ்சு விரியும், எத்தனை விரலைத் தாண்டினால் கிழியும் என்று ஒவ்வொரு குட்டியாகப் பார்த்தார். செத்த குட்டிகளை நான் எண்ணவில்லை. அவர் எண்ணி வைத்திருந்தார்.

மூக்கையும் வாயையும் மூடுகிற அளவுக்குச் சின்ன ரப்பர் மூடி எங்கேயும் விலைக்குக் கிடைக்காது. அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் குலசேகரத்துக்குப் பஸ் ஏறுவார். அங்கே ரப்பர்ஷீட் அடிக்கிற ஒருவரைப் பிடித்து, பாதியாக உடைத்த புன்னைக்காயை ரப்பர் பாலில் முக்கி முக்கிக் காயவைத்து, ஒரு சின்னக் கிண்ணம்போல உரித்தெடுத்துக்கொண்டு வருவார். திரும்பி வரும்போது ரப்பர்ஷீட் உலர்த்துகிற புகைவாடையும் தலைவலியும். அதோடு எங்களுக்கு ஏச்சும் கிடைக்கும்.

தண்ணீர் விஷயம் தெரியவந்தது என் கையால்தான். ஒரு குட்டி உருண்டையின் உதவி இல்லாமல் தானே மூச்சுவிட ஆரம்பித்திருந்தது. மூக்கைச் சுற்றிச் சளி ஒட்டியிருந்ததால் நான் துணியைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தேன். மூச்சு நின்றுவிட்டது. அவர் உருண்டையை அமுக்கித் திருப்பிக் கொண்டுவந்தார். எதனால் நின்றது என்று என்னைத் துளைத்தெடுத்தார். நான் துடைத்தேன் என்றேன். இன்னொருமுறை துடை என்றார். மாட்டேன் என்றேன். அவரே துணியை நனைத்து மூக்கில் வைத்தார், மறுபடியும் நின்றது. காய்ந்த துணியால் துடைத்தபோது நிற்கவில்லை. அடுத்த குட்டிக்கும் அதற்கடுத்த குட்டிக்கும் செய்தார். மூன்றாவது குட்டி மீளவில்லை. மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்த உயிரை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்கிற அந்தக் கையைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன், இது பாவம் என்று.

அவர் அன்றைக்குச் சத்தம் போடவில்லை. "வயித்துக்குள்ள வெள்ளத்துலதானட்டி கெடக்கு. அங்க மூச்சுவிட்டா செத்துரும்லா. முகத்துல வெள்ளம் பட்டா திரும்ப உள்ள போயிட்டோம்னு நெனைச்சு நிறுத்திருது போல" என்றார். பிறகு அந்தக் குட்டியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, "நாம இதுவரைக்கும் எத்தனை பிள்ளை முகத்தைத் தொடைச்சிருக்கோம்?" என்று கேட்டார்.

மறுநாள் பிரசவ அறைச் சுவரில் ஒரு முழ உயர எழுத்தில் எழுதினார்: முகத்தில் தண்ணீர் படக்கூடாது. மாசம் நிறையாத பிள்ளைகளுக்கு ஈரத்துணி இல்லை, குளிப்பாட்டு இல்லை, பிராந்தி இல்லை. சூடு, காய்ந்த பஞ்சு, புன்னைக்காய் மூடி, பாட்டில், உருண்டை. இவ்வளவுதான்.

முதலில் தப்பியது ஒரு பெண்பிள்ளை. வயல்காட்டு ஊரிலிருந்து வந்தவர்கள். எட்டாம் மாசம். ஒன்றரை நாள் முறைபோட்டு உருண்டையை அமுக்கினோம். என் விரல் மரத்துப்போய்ச் சோற்றைப் பிசைய முடியவில்லை. நடுவில் தாயின் மாமியார் ஒரு சங்கில் பால் கொண்டுவந்தாள். போகிற உயிர் வாய் நனையாமல் போகக்கூடாது, ஒரு சொட்டு விட்டுவிடுகிறேன் என்று கும்பிட்டாள். கெட்ட மனுஷி இல்லை, அழுதுகொண்டுதான் நின்றாள். டாக்டரம்மா அந்தச் சங்கைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தார்.

"சாவுக்குச் செய்யிறதை எல்லாம் செஞ்சா அது சாவாம பின்ன என்ன செய்யும்?"

பிள்ளை பிழைத்தது. அந்த வீட்டார் நன்றி சொன்னார்களா? சங்கை எறிந்ததைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தார்கள். ஆட்டு மூச்சை ஊதிப் பிழைக்கவைத்த பிள்ளை, பேச்சு வரும்போது ஆடு மாதிரிக் கத்தும் என்று ஒரு கதை கிளம்பியது. அந்தப் பிள்ளை வாய் திறக்கும்போதெல்லாம் அக்கம்பக்கத்தார் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்களாம். அவள் 'அம்மை' என்று அழகாகச் சொன்னபிறகும் அவளுக்கு ஆட்டுக்குட்டி என்ற பெயர் போகவில்லை. அதற்குப் பிறகு இன்னும் சில பிள்ளைகள் பிழைத்தன. எல்லாம் பிழைக்கவில்லை. செத்த ஒவ்வொன்றுக்கும் எங்களை வரிசையில் நிறுத்தினார்.

எங்கள் ஆட்களோடும் அவருக்குச் சண்டை வந்தது. எங்கள் குடும்பம் கத்தோலிக்கர்கள். ஞானஸ்நானம் இல்லாமல் சாகிற பிள்ளைக்கு எங்கள் கல்லறைத்தோட்டத்துக்குள் இடம் கிடையாது, சுவருக்கு வெளியேதான் குழி. அதனால் சாகக்கிடக்கிற பிள்ளைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்காமல் யார் வேண்டுமானாலும் தலையில் மூன்றுமுறை தண்ணீர் ஊற்றி ஜெபம் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம். நானே பிரசவ அறையில் அப்படி எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். சுவரில் எழுதினபிறகு அதுவும் நின்றது. பங்குச் சாமியார் நேரில் வந்து பேசினார். டாக்டரம்மா அவரை மரியாதையாக உட்காரவைத்து, கொட்டகையில் பார்த்ததை எல்லாம் விளக்கிச் சொன்னார். பிறகு, தலையில் வேண்டாம், கால் பெருவிரலில் ஊற்றிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். சாமியார் நல்லவர், யோசித்துத்தான் பதில் சொன்னார். தலையில் ஊற்றினால் சந்தேகமில்லாமல் செல்லும், காலில் ஊற்றினால் செல்லுமா செல்லாதா என்று உறுதி சொல்ல முடியாது என்றார். உறுதியில்லாததை ஒரு ஆத்துமாவின் காரியத்தில் செய்ய முடியுமா என்று கேட்டார். டாக்டரம்மா வெளியே வந்து என்னிடம், "உங்க தெய்வத்துக்குக் கால் ஆகாதாட்டி?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பால் விடக்கூடாது என்றதில் இந்துக்களுக்குக் கோபம். தண்ணீர் ஊற்றக்கூடாது என்றதில் எங்களுக்குக் கோபம். எதிலும் ஒன்றுசேராத இரண்டு கூட்டமும் அவருக்கு எதிராக மனு எழுதுவதில் மட்டும் ஒன்றாக உட்கார்ந்தது. அந்த மனு எழுதி முடிக்கப்படாமல் கொஞ்சநாள் கிடந்தது. அதை முடித்துவைத்தது என் வீடு.

என் தம்பியின் மனைவிக்கு அது முதல் பேறு. எட்டாம் மாசம் முதல் வாரத்திலேயே வலி வந்துவிட்டது. காலை ஏழு மணிக்கு ஆண்பிள்ளை பிறந்தான். கையகலம்தான் இருந்தான். முனகினான், நீலம் பாரித்தான். டாக்டரம்மா தானே உருண்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்து மணிக்கு நிறம் திரும்பியது. பதினொரு மணிக்கு உருண்டையைக் கீழே வைத்துவிட்டு அவன் தானே மூச்சுவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட பிள்ளைகள் இடையிடையே மூச்சுவிட மறந்துபோவார்கள். அப்போது இரண்டு தரம் அமுக்கிக் கொடுத்தால் திரும்பவும் எடுத்துக்கொள்வார்கள். அவனும் அப்படித்தான் செய்தான். பன்னிரண்டு மணி சுமாருக்கு அடுத்த அறையில் ஒருத்திக்கு இரத்தம் நிற்காமல் போனது. என்னை உட்காரவைத்துவிட்டு அவர் எழுந்தார்.

"நல்லா வாறான். உன் தம்பி மவனைக் கரை சேத்துருவோம். நான் வரும்வரை முகத்தை மட்டும் பாத்துக்கோ."

நானும் அவனும் தனியாக இருந்தோம். ஜன்னலுக்கு வெளியே எங்கள் அம்மை வந்து நின்றாள். அவள் பார்த்த நேரம் அவன் மூச்சுவிட மறந்த நேரம். நான் அமுக்கினேன், எடுத்துக்கொண்டான். அம்மைக்கு அது விளங்கவில்லை. பிள்ளை போய்க்கொண்டிருக்கிறது என்றே நினைத்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வெள்ளத்தை ஊத்துட்டி. நாய் குழிதோண்டுற எடத்துலயா நம்ம பிள்ளையைக் கொண்டு வைக்கணும்?" என்றாள்.

பிழைத்துக்கொள்வான் அம்மை என்றேன். அவள், பிழைத்தால் சந்தோஷம், பிழைக்காவிட்டால் நீ பதில் சொல்வாயா என்றாள். இந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். என்னைவிட அந்தத் தண்ணீரைப் பற்றித் தெரிந்தவர்கள் அன்றைக்கு அந்த ஜில்லாவில் அவரைத் தவிர யாரும் கிடையாது. மூன்று குட்டிகளின் மூச்சு நின்றதை இந்தக் கண்ணால் பார்த்தவள் நான். பிள்ளை நன்றாக இருந்தான் என்பதும் தெரியும். ஆனால் அவன் மறுபடியும் ஒருதரம் மறந்தான். நான் பயந்துபோனேன். காலில் ஊற்றலாமா என்றும் நினைத்தேன். அப்படி நினைக்கும்போதே, சந்தேகத்துக்கு இடமான வேலையை என் சொந்தத் தம்பி பிள்ளைக்குச் செய்வதா என்று தோன்றிவிட்டது. டம்ளரில் தண்ணீர் எடுத்தேன். மூடியை நீக்கினேன். நெற்றியில் மூன்றுமுறை ஊற்றி, சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

முதல் தண்ணீருக்கு முகத்தைச் சுளித்தான். மூன்றாவதுக்கு ஒன்றும் செய்யவில்லை. மூச்சு நின்றிருந்தது. மூடியை எடுத்து வைத்தால் ஈரத்தோலில் ரப்பர் நிற்காமல் வழுக்கியது. அமுக்க அமுக்கக் காற்று பக்கவாட்டில் போனதே தவிர உள்ளே போகவில்லை. துடைத்து வைக்க வேண்டும் என்ற புத்திகூட எனக்கு வரவில்லை. அவரைக் கூப்பிட்டேன். அங்கே இரத்தத்தை அமுக்கிப் பிடித்திருந்த கையை எடுக்க முடியாமல் அவர் நின்றிருக்கிறார். வந்தபோது நேரம் கடந்துவிட்டது. வாயை வைத்து ஊதினார், உருண்டையை அமுக்கினார், அரைமணி நேரம் விடவில்லை. பிறகு விட்டார்.

அவன் தலைமுடி நனைந்திருந்தது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு காதுப்பக்கம் இறங்கி நின்றது. அவர் அதைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த டம்ளரையும் பார்த்தார். நான் வரிசையில் நிற்பதுபோலவே நிமிர்ந்து நின்றேன், கேட்கட்டும் என்று. அவர் கேட்கவில்லை. தன் சேலை முந்தானையால் பிள்ளையின் தலையை முழுசாகத் துவட்டி, ஈரம் இல்லை என்று விரலால் தடவிப் பார்த்து, துணியில் சுற்றித் தாயிடம் தானே கொண்டுபோனார்.

அந்த வாரமே மனு முடிந்து திருவனந்தபுரத்துக்குப் போனது. ஆட்டுக்கு வைக்கிற கருவியைப் பிள்ளைக்கு வைத்துக் கொன்றுவிட்டார், மதச்சடங்குகளுக்குத் தடைபோடுகிறார். முதல் கையெழுத்து என் தம்பியுடையது. விசாரிக்க வந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டார். பிள்ளை அந்தக் கருவியில் இருந்தபோதுதான் இறந்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றும் கேட்டார், அவ்வளவு அவகாசம் கொடுத்தார். இல்லை என்றேன். எதிர் நாற்காலியில் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய முறை வந்தபோது, தன் பொறுப்பில் இருந்த பிள்ளை, அறையை விட்டுப் போனது தான், அதனால் தான்தான் என்றார். அந்தப் பெரிய குரலில் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார்.

வடக்கே ஏதோ மலைப்பக்கத்து ஊருக்கு மாற்றினார்கள். கிடாயை யாரோ பிடித்துக்கொண்டு போனார்கள். கொட்டகை இடிந்தது. நான் வழியனுப்பக்கூடப் போகவில்லை. மூன்று வருஷத்தில் எங்கள் தாலுக்காக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன, ஊர்வலம் போனோம், இனிப்புக் கொடுத்தோம். அவர் எல்லைக்கு அந்தப்பக்கம், கேரளத்துக்காரர் ஆனார். உயிரோடு இருந்தாரா, எங்கே செத்தார் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

அவர் போனபிறகு வந்த டாக்டர் தங்கமானவர், யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். சுவருக்கு வெள்ளையடித்தார்கள். சங்கும் வந்தது, ஈரத்துணியும் வந்தது, பிராந்தியும் வந்தது. எட்டு மாசப் பிள்ளைகள் பழையபடி செத்தார்கள். எல்லாருக்கும் நிம்மதி. நானும்தான் ஈரத்துணியைப் பிழிந்து கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து எத்தனை பிள்ளைகளின் முகம் நனைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று எனக்கே தெரியாது.

எனக்கு அவர்மேல் கோபம் என்றேனே, அது இதற்குத்தான். ஊரில் இருக்கிற ஒவ்வொருத்தியையும் நிறுத்திக் கேட்டவர், என்னை மட்டும் ஏன் விட்டார்? அன்றைக்கு அந்த அறையில் நாலு பேர் நடுவில் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். தம்பி என் முகத்தில் விழித்திருக்க மாட்டான், வேலை போயிருக்கும். ஆனால் அந்தக் கொட்டகை இருந்திருக்கும், அந்தச் சுவர் எழுத்து இருந்திருக்கும். என்மேல் இரக்கப்பட்டு அத்தனையையும் தூக்கிக் கொடுத்துவிட்டாரே, அந்த இரக்கத்தை யார் கேட்டது?

பிள்ளையைக் கல்லறைத்தோட்டத்துக்குள்தான் வைத்தோம். ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று என்று நான் சாமியாரிடம் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். தம்பியின் மனைவிக்கு அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. வருஷாவருஷம் கல்லறைத் திருநாளுக்கு அவளோடு நானும் போகிறேன். அவள் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள்.

"அந்தப் பாவி கொன்னாலும், நீங்க எம்பிள்ளைக்கு மோட்சத்தைக் குடுத்தியளே மைனி" என்பாள்.

அழுதுகொண்டே சொல்வாள். நான் ஆமாம் என்பேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பஸ் ஏறி வீட்டுக்கு வருவோம்.